இரவு பதினொரு மணிக்கும் ‘அக்கா’வாக இருக்க வேண்டுமா?

திருவாரூர் மாவட்டத்தில் ஒரு சிறிய ஊரிலிருந்து வந்த கடிதம் இது. கையெழுத்தில் ஆறு பக்கம். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

எழுதியவருக்கு வயது 39. பதினொரு வருடம் தனியார் பள்ளி ஆசிரியை. கொரோனா சமயத்தில் வேலை போனது. ஆன்லைனில் ஆறு மாதம் கோச்சிங் பயிற்சி முடித்துவிட்டு, வீட்டின் முன்னறையிலேயே வழிகாட்டும் வேலையைத் தொடங்கினார். வீட்டிலிருந்தபடி தொழில் செய்ய நினைக்கும் பெண்கள், வேலை தேடும் இளைஞர்கள், அடுத்து என்ன படிப்பது என்று குழம்பும் மாணவிகள் என இப்போது 14 பேர் வருகிறார்கள். சிலர் பணம் தருகிறார்கள். சிலர் அறுவடை முடிந்ததும் அரிசி கொண்டுவந்து வைக்கிறார்கள். சிலர் எதுவும் தருவதில்லை, இவரும் கேட்பதில்லை. எல்லோருக்கும் இவர் ‘அக்கா’.

அவர்களில் ஒரு பெண் தையல் தொழில் தொடங்க யோசனை கேட்டு வந்தவர். கணவர் சிங்கப்பூரில். பணம் அனுப்புவதை நிறுத்திவிட்டார். தையல் மெஷினைப் பற்றிய பேச்சு இரண்டாவது மாதத்தோடு நின்றுபோய், தினமும் இரவில் அழுகையோடு போன் வர ஆரம்பித்தது. இரண்டு மாதத்துக்கு முன் ஓர் இரவு, “இனிமே இருந்து என்னக்கா ஆவப்போவுது” என்று வாய்ஸ் மெசேஜ் வந்திருக்கிறது. நம் வாசகி தூங்கிவிட்டார். காலை ஐந்து மணிக்குத்தான் கேட்டார். ஓடினார். அந்தப் பெண் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். நல்லபடியாக இருந்தார். ஆனால் அன்றிலிருந்து நம் வாசகிக்குத் தூக்கம் இல்லை. இரண்டு மணிக்கு விழித்துப் போனைப் பார்க்கிறார். மெசேஜ் சத்தம் கேட்டாலே வயிற்றைப் பிசைகிறது. போன வாரம் ப்ளஸ் ஒன் படிக்கும் மகள் கேட்டிருக்கிறாள்: “நானும் காசு குடுத்தா என்கிட்டயும் பொறுமையா பேசுவியாம்மா?”

அவருடைய கேள்விகள் மூன்று. மற்றவர்களின் கெட்ட சக்தி என்மேல் ஒட்டிக்கொள்கிறது என்று ஒரு பயிற்சியாளர் சொன்னார், அதைத் தடுப்பது எப்படி? மனதைக் கல்லாக்கிக்கொள்ளாமல் இந்த வேலையைச் செய்ய முடியுமா? இல்லை, விட்டுவிடட்டுமா?

அன்புள்ள சகோதரி,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நீங்கள் தூங்கியது தவறு இல்லை. இரவு தூங்குகிற ஒரு மனுஷி தூங்கியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். கடிதத்தில் நான்கு இடத்தில் ‘நான் மட்டும் விழித்திருந்தால்’ என்று எழுதியிருக்கிறீர்கள். எண்ணிப் பார்த்தேன். உங்கள் சோர்வில் பாதி அந்த ஒரு வரியில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

கெட்ட சக்தி பற்றி. அடுத்தவர் துக்கம் ஒட்டிக்கொள்ளும் பொருள் இல்லை. அந்தப் பயிற்சியாளர் சொன்ன உப்பு நீர்க் குளியல் உங்களுக்கு இதமாக இருந்தால் தாராளமாகக் குளியுங்கள். வேலை முடிந்தது என்று உடம்புக்குச் சொல்ல அது ஒரு நல்ல வழி. ஆனால் அந்த விளக்கத்தை நம்ப வேண்டாம். அதை நம்பினால் உங்களை நாடி வருகிறவர்களே உங்களுக்கு ஆபத்து என்று ஆகிவிடும். நாளடைவில் அவர்களைப் பார்த்தே பயப்படுவீர்கள். உங்களுக்கு நடந்திருப்பது வேறு. இடைவெளியே இல்லாமல் பதற்றத்தில் இருக்கும் உடம்பு, இரண்டு மாதமாகக் குறைந்த தூக்கம், முடிவே இல்லாத வேலை நேரம், யாரிடமும் இறக்கிவைக்க முடியாத பாரம். இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வழி உண்டு.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வேலைச் சோர்வைப் பற்றிச் சொன்னது இங்கே பொருந்தும். அதை நோய் என்று அவர்கள் வகைப்படுத்தவில்லை. சரியாகக் கையாளப்படாத வேலை அழுத்தத்தால் வருவது என்றார்கள். அப்படியென்றால் ஆளை மட்டும் சரிசெய்தால் போதாது, வேலை நடக்கும் விதத்தையும் மாற்ற வேண்டும். தியானம் செய்யுங்கள், மூச்சுப் பயிற்சி செய்யுங்கள் என்று உங்களுக்கு நிறையப் பேர் சொல்லியிருப்பார்கள். செய்யுங்கள், நல்லதுதான். ஆனால் இரவு பதினொரு மணிக்குப் போன் அடிப்பதை மூச்சுப் பயிற்சி நிறுத்தாது.

மனதைக் கல்லாக்க வேண்டியதில்லை

என் கதை ஒன்றைச் சொல்கிறேன். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது. அதற்கடுத்த வாரங்களில் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தோப்புகளை இழந்தவர்களோடு பேசப் போயிருந்தேன். தென்னம்பிள்ளை என்றுதானே நாம் சொல்கிறோம். அவர்களும் பிள்ளை செத்துப்போன மாதிரிதான் அழுதார்கள். நானும் ஒவ்வொரு வீட்டிலும் கூட அழுதேன். என் தோப்பு விழுந்திருந்தால், என் அப்பா இப்படி உட்கார்ந்திருந்தால் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது வாரம், சோறு குழைந்துவிட்டது என்று என் அம்மாவிடம் கத்தினேன். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மூத்தவர் ஒருவர் கேட்டார்: “அவங்க மரத்தை நீ எதுக்கும்மா உன் வீட்டுக்குத் தூக்கிட்டு வந்தே? நீ தூக்கினதால அங்கே ஒரு மரமாவது நிமிர்ந்துச்சா?” அன்று எனக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. இப்போதும் ஒவ்வொரு மாலையும் அதை எனக்கு நானே கேட்டுக்கொள்கிறேன்.

அவர் சொன்னதற்கு ஆராய்ச்சியிலும் ஆதாரம் இருக்கிறது. உளவியலாளர் டேனியல் பேட்சனும் உடன் ஆய்வு செய்தவர்களும் 1997இல் ஒரு வேறுபாட்டைக் காட்டினார்கள். ‘இவருக்கு எப்படி இருக்கும்’ என்று நினைத்துக் கேட்பவருக்கு அக்கறை பெருகுகிறது. ‘இவர் இடத்தில் நான் இருந்தால்’ என்று நினைத்துக் கேட்பவருக்கு அக்கறையோடு சொந்தத் தவிப்பும் சேர்ந்துகொள்கிறது. பிறகு ஓல்கா கிளிமெக்கி, தானியா சிங்கர் குழு மூளை ஸ்கேன் வைத்துச் செய்த ஆய்வில், அடுத்தவர் வலியைத் தானும் உணரும் பயிற்சி பெற்றவர்களுக்கு மனச்சுமை கூடியது. அதே ஆட்களுக்குப் பரிவுப் பயிற்சி, அதாவது ‘இவர் நன்றாக இருக்க வேண்டும்’ என்று நினைக்கும் பயிற்சி கொடுத்தபோது அந்தச் சுமை குறைந்தது.

ஆக, கூட அழுதால்தான் நல்ல மனசு என்ற எண்ணத்தை மாற்றிக்கொள்ளலாம். அந்தப் பெண் பேசும்போது, ‘என் கணவர் இப்படிச் செய்திருந்தால்’ என்று உங்கள் மனம் ஓடும். ஓடட்டும். ஓடுவதைக் கவனித்ததும், தரையில் பதிந்திருக்கும் உங்கள் பாதத்தை ஒரு நிமிடம் உணர்ந்து பாருங்கள். அப்புறம் மனதுக்குள், ‘இது இவருடைய வாழ்க்கை. இன்று இவருக்கு என்னிடமிருந்து என்ன வேண்டும்?’ என்று கேளுங்கள். பல நேரம் வெறும் காது மட்டும் வேண்டியிருக்கும். சில நேரம் வக்கீல் வேண்டியிருக்கும்.

எங்கள் வீட்டிலும் நிலம் உண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் காய்ச்சலும் பாய்ச்சலும் உங்களுக்குத் தெரியும். எந்நேரமும் தண்ணீர் நின்றால் வேருக்குக் காற்றுக் கிடைக்காமல் அழுகும். மண் நூலிழையாக வெடிக்கும்வரை காயவிட்டுத்தான் மறுபடி பாய்ச்சுகிறோம். மடையை அடைப்பவரைப் பயிர்மேல் அக்கறை இல்லாதவர் என்று நம் ஊரில் யாரும் சொல்வதில்லையே.

ஒரே நாற்காலியில் மூன்று வேலை

நீங்கள் வழிகாட்டி. ஆனால் இந்த ஒரு வருடத்தில் சிநேகிதி வேலையும், மனநல ஆலோசகர் வேலையும், சில நாட்கள் ஆம்புலன்ஸ் வேலையும் சேர்த்துப் பார்த்திருக்கிறீர்கள். நம் நாட்டில் கோச் என்று பலகை வைக்க உரிமம் எதுவும் தேவையில்லை. அதனால் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று உங்களுக்கு யாரும் சொல்லவும் மாட்டார்கள். நீங்களேதான் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். பன்னாட்டுக் கோச்சிங் அமைப்புகளின் நெறிமுறைகளும், வேறு நிபுணர் தேவைப்பட்டால் அவரிடம் அனுப்பச் சொல்கின்றன. அனுப்புவது கைவிடுவது ஆகாது. தஞ்சாவூர், திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. முதல் தடவை நீங்களே பஸ் ஏறிக் கூடப் போய்விட்டு வந்தால்கூடத் தப்பில்லை. அதற்குப் பிறகு சிகிச்சை அவர்கள் பொறுப்பு. தையல் தொழில் உங்கள் பொறுப்பு.

அந்தப் பெண்ணைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ‘நல்லபடியாக இருந்தார், நானும் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை, கேட்டால் நினைப்பு வந்துவிடுமோ என்று பயம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பயம் எல்லோருக்கும் வரும். ஆனால் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வருவதில்லை. நேராகவே கேளுங்கள்: “அன்னைக்கு அனுப்பினியேம்மா, செத்துப்போயிடலாம்னு தோணுச்சா? இப்பவும் தோணுதா?” ஆமாம் என்றால் அவரைத் தனியாக விடக் கூடாது. அவர் நம்புகிற ஒருவர் கூட இருக்க ஏற்பாடு செய்யுங்கள். வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் அன்றே அது வேறு வீட்டுக்குப் போக வேண்டும். விவசாய வீடுகளில் எத்தனையோ உயிர்களை இந்த ஒரு காரியம் காப்பாற்றுகிறது. 14416 என்ற டெலி மனாஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், இருபத்துநான்கு மணி நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம். ஆபத்து நெருக்கத்தில் இருக்கிறது என்றால் 108. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று குடும்பம் மறைக்கப் பார்க்கும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருதுகிறது. அவரைத் தண்டிக்கச் சொல்லவில்லை. அந்தக் குடும்பத்துக்கு இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

இதோடு ரகசியம் பற்றிய உங்கள் எண்ணத்தையும் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. ‘எது சொன்னாலும் உயிரே போனாலும் வெளியே சொல்ல மாட்டேன்’ என்று எல்லோருக்கும் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறீர்கள். அந்தச் சத்தியம்தான் உங்களை இரவில் எழுப்புகிறது. உயிருக்கு ஆபத்து என்றால் வீட்டில் ஒருவரிடம் சொல்வேன் என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். மாணவிகளும் வருகிறார்கள் என்பதால் இன்னொன்று. பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை பாலியல் கொடுமை நடந்ததாகச் சொன்னால், அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி கட்டாயம். தெரிவிக்காமல் இருந்தால் அது குற்றம். குழந்தைகள் உதவி எண்ணான 1098இல் கூப்பிட்டு வழி கேட்கலாம். இதை நீங்கள் தனியாகச் சுமக்க வேண்டும் என்று சட்டமே சொல்லவில்லை.

மறுபக்கம், ராத்திரிச் சாப்பாட்டின்போது எல்லாவற்றையும் கணவரிடம் சொல்லிவிடுவேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பாரம் தாங்காமல்தான் சொல்கிறீர்கள், எனக்குப் புரிகிறது. ஆனால் நம் ஊர் அளவில் பெயரை மறைத்தால் மட்டும் போதாது. ‘சிங்கப்பூர்க்காரர் மனைவி, தையல்’ என்றால் தெருவுக்கே தெரிந்துவிடும். இதே வேலை செய்யும் ஒரு மூத்தவரை வேறு மாவட்டத்தில் பிடித்து, மாதம் ஒரு மணி நேரம் காசு கொடுத்துப் பேசுங்கள். திருச்சியிலோ கோவையிலோ இருப்பவராக இருந்தாலும் போனில் பேசலாம். எனக்கு இருபது வருடமாக அப்படி ஒருவர் இருக்கிறார். அவர் இல்லாமல் இந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

நேரமும் போனும்

பெருநகரத்தில் இருப்பவர்களுக்கு எழுதிய அறிவுரை நமக்கு அப்படியே பொருந்தாது. அங்கே அறைக் கதவைச் சாத்தினால் வேலை முடிந்தது. உங்களுக்கு ரேஷன் கடை வரிசையில் முன்னால் நிற்பவரும், கோயில் திருவிழாவில் பக்கத்தில் வடம் பிடிப்பவரும் உங்களிடம் வருகிறவர்தான். ‘வெளியில் பார்த்தால் நானாக வந்து இதைப் பற்றிப் பேச மாட்டேன், நீங்களும் அங்கே வைத்துக் கேட்க வேண்டாம், உங்கள் நல்லதுக்குத்தான்’ என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அவர்களுக்கும் நிம்மதியாக இருக்கும். நான்கு பேர் காதுபடப் பேச யாருக்கும் ஆசை இல்லை.

வேலைக்குத் தனி சிம் வாங்குங்கள். வாட்ஸ்அப் பிசினஸில் நேரம் குறித்துத் தானாகப் பதில் போகும்படி வைக்க முடியும். என் யோசனை, இரவு ஏழு மணிக்கு மேல் இப்படி ஒரு பதில்: “அக்கா இப்ப வீட்டுல இருக்கேன்மா. நாளைக்குக் காலையில பத்து மணிக்குப் பேசுறேன். அதுவரைக்கும் தாங்காதுன்னு தோணுச்சுன்னா 14416க்கு அடிச்சுப் பேசுங்க, ராத்திரி எந்நேரமும் எடுப்பாங்க.” யோசித்துப் பாருங்கள். நீங்கள் தூங்கிய அந்த இரவில் இந்தப் பதில் போயிருந்தால் அந்தப் பெண் கையில் ஒரு நம்பராவது இருந்திருக்கும். எந்நேரமும் எடுப்பேன் என்று சொல்லிவிட்டு எடுக்க முடியாமல் போவதைவிட, எப்போது எடுப்பேன் என்று சொல்லி அப்போது எடுப்பது அவர்களுக்குப் பாதுகாப்பு.

முதல் பத்து நாள் கஷ்டமாக இருக்கும். ‘அக்கா மாறிட்டாங்க’ என்று இரண்டு பேராவது சொல்வார்கள். ஒருவர் வருவதை நிறுத்தவும் கூடும். உங்கள் கை தானாகப் போனைத் தேடும். அப்போது போன் வேறு அறையில் இருக்க வேண்டும்.

கட்டணம் கேட்கக் கூசுகிறது என்கிறீர்கள். அரிசி வாங்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. டெல்டாவில் அது மரியாதையான கைமாறு. ஆனால் என்ன, எவ்வளவு, எத்தனை சந்திப்புக்கு என்று முன்கூட்டியே பேசி ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எழுதாத கணக்குதான் மனதில் கசப்பாகத் தங்குகிறது. இரண்டு பேருக்கு மட்டும் இலவசம் என்று நீங்களே ஓர் எண்ணிக்கை வைத்துக்கொள்ளலாம்.

ஒரு சின்ன நோட்டும் வேண்டும். ஒவ்வொரு சந்திப்புக்கும் பிறகு கால் மணி நேரம் இடைவெளி விட்டு மூன்று வரி எழுதுங்கள். அவர் என்ன சொன்னார், அவர் என்ன செய்யப் போகிறார், நான் என்ன செய்யப் போகிறேன். மூன்றாவது வரி இரண்டாவதைவிட நீளமாகிக்கொண்டே போனால் வேலை கைமாறுகிறது என்று அர்த்தம். அடுத்த சந்திப்பில் அதை அவரிடமே பேசித் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

விடலாமா, தொடரலாமா

சட்டென்று நிறுத்துவதை நான் சொல்ல மாட்டேன். வருகிறவர்களில் சிலர் ஏற்கெனவே கைவிடப்பட்டவர்கள். தவிர, மகளின் பள்ளிக் கட்டணம் இந்த வருமானத்தில்தான் கட்டுகிறீர்கள். இப்படியே தொடர்வதும் கூடாது. உங்கள் உடம்பு தாங்காது. நடுவில் ஒரு வழி இருக்கிறது. ஆறு வாரத்துக்குப் புதிதாக யாரையும் சேர்க்க வேண்டாம். இருக்கும் 14 பேரில் மருத்துவரோ வக்கீலோ தேவைப்படுகிறவர்களை முறையாக அனுப்பிவையுங்கள். கணவரின் கொடுமையில் இருப்பவர் இருந்தால் 181 மகளிர் உதவி எண் இருக்கிறது. மீதிப் பேரை வாரம் நான்கு நாளுக்குள் அடக்குங்கள். ஆறு வாரம் கழித்தும் மெசேஜ் சத்தத்துக்கு வயிறு பிசைந்தால், அப்போது விடுவதைப் பற்றிப் பேசுவோம். அப்படி விட்டாலும் அது தோல்வி ஆகாது.

அதற்கு முன்னால் நீங்கள் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, மனம் சோர்ந்து, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பது பொதுவான அளவு. உங்களுக்கு இரண்டு மாதம் ஆகிவிட்டது. ரத்தசோகை, தைராய்டு இரண்டுக்கும் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். இந்த வயதில் பெண்களின் அசதிக்கு அவையும் காரணமாக இருப்பதுண்டு. எல்லாவற்றையும் மனசு மேல் போடக் கூடாது. அந்த 14416 உங்களுக்கும்தான். உதவி செய்கிறவர்கள் அதற்குப் பேசக் கூடாது என்று எங்கும் எழுதியில்லை.

கடைசியாக உங்கள் மகள். அவள் கேட்டதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் குத்திக் காட்டியதாக எனக்குப் படவில்லை. அம்மா வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்த விதத்தில் கேட்டிருக்கிறாள். பெரிய விளக்கம் எல்லாம் வேண்டாம். “நீ கேட்டது சரிதான்டா, அம்மா எல்லாருக்கும் குடுத்துட்டு மிச்சத்தை உனக்குக் குடுத்துட்டேன்” என்று மட்டும் சொல்லுங்கள். அப்புறம் இந்தச் சனிக்கிழமை சாயங்காலம் போனை வீட்டில் வைத்துவிட்டு, அவளோடு ஆற்றங்கரைவரை நடந்துவிட்டு வாருங்கள். அவள் பேசாமல் வந்தாலும் பரவாயில்லை. பேச ஆரம்பித்தால் யோசனை எதுவும் சொல்லாமல் கேளுங்கள். ஆறு வாரம் கழித்து எனக்கு மறுபடி எழுதுங்கள்.